வாகைப்பேரியில் செவ்வாய்க்கிழமை இல்லாத வருஷம்

எங்கள் வாகைப்பேரியில் இப்போது மறுபடியும் வாரத்துக்கு ஏழு நாள். திங்கள் முடிந்ததும் ஒழுங்காகச் செவ்வாய் வருகிறது, வெயில் அடிக்கிறது, டவுன் பஸ் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கிறது, ஆனால் ஒரு வருஷம் அந்தக் கிழமை இல்லாமலே இருந்து பழகிவிட்ட ஜனங்களுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்னும் பிடிபடவில்லை. காலையில் எழும்பி, பல் தேய்த்து, வாசலுக்கு வந்து நிற்கிறார்கள். நானும் நிற்கிறேன். அந்தக் கிழமையை ஊரைவிட்டு அனுப்பியவள் நான்தான் என்பதால் என்னிடம் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

என் பெயர் ஆவுடையம்மாள். பீடி சுற்றுகிறேன். என் வீட்டுக்காரர் சொரிமுத்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சலூன் வைத்திருக்கிறார். சலூன்காரர் என்றதும் வாய் ஓயாமல் பேசுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள்; நாள் முழுக்க ஊர் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, தான் பேச வேண்டியதை இவர் மறந்தே போனார். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்துப் பம்பாய்க்கு அனுப்பிவிட்டோம். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பவுடரும்தான்.

பவுடர் எங்கள் நாய். செம்மண் நிறம், ஒரு காது நிற்கும், ஒரு காது மடங்கிக் கிடக்கும். குட்டியாக இருந்தபோது மழைக்கு சலூனில் ஒதுங்கி, பலகையில் இருந்த டப்பாவைத் தட்டிவிட்டு, மேலெல்லாம் பவுடரைக் கொட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி மணக்க மணக்க என் வீட்டுக்காரரின் பின்னாலேயே வந்து சேர்ந்தான். வெள்ளை அன்றைக்கே போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து ஒன்பது வருஷம், வாரத்தில் ஆறு நாள் அவனுக்கு சலூன் நாற்காலிக்கு அடியில்தான் வாசம். ஏழாம் நாள் செவ்வாய், சலூனுக்கு லீவு. அந்த ஒரு நாள்தான் மூன்று பேரும் சேர்ந்து வீட்டில் இருப்போம். இவர் அவனைக் கிணற்றடியில் வைத்துக் குளிப்பாட்டுவார், நான் பீடித் தட்டைத் தொடமாட்டேன், மத்தியானம் மூன்று பேரும் ஃபேனுக்குக் கீழே தரையில் ஆளுக்கொரு பக்கம் தலைவைத்துக் கிடப்போம். அதை ஒரு பெரிய சுகம் என்று அப்போது நான் நினைக்கவே இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடி பிறந்து பத்து நாள் இருக்கும். அவன் நாடிக்குக் கீழே தடவிக்கொடுத்துக்கொண்டிருந்த இவர் கையை அப்படியே நிறுத்தினார். முப்பது வருஷமாக மனுஷர்களின் தலையையும் தாடையையும் தொட்டுப் பழகிய விரல், எந்த இடத்தில் எது இருக்கக் கூடாது என்று அதற்குத் தெரியும். “ரெண்டு பக்கமும் நெல்லிக்கா மாதிரி இருக்கு,” என்றார். அடுத்த செவ்வாய் டி.வி.எஸ் வண்டியின் பின்னால் பால் டிரேயைக் கட்டி, அதில் சாக்கை மடித்துப் போட்டு, அவனை உட்கார வைத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் டவுனில் இருக்கிற மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நானும் போயிருக்கலாம். ஆனால் மறுநாள் பீடிக் கட்டு கொடுக்க வேண்டியிருந்தது, அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அவன் நாடிக்குக் கீழே இருந்த கட்டியிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்துச் சோதித்து, இது புற்றுநோய், ஊசி போடாவிட்டால் ஒரு மாசம், வாரம் ஒரு ஊசி போட்டால் ஒரு வருஷம் இருக்கலாம், முழுசாகக் குணமாகும் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது என்று உள்ளதை உள்ளபடி சொன்ன அந்த டாக்டரம்மாவின் முகத்தை நான் கடைசிவரை பார்க்கவே இல்லை. அவ்வளவையும் இவர் எனக்கு மூன்று வார்த்தையில் சொன்னார்: “வாரம் ஒரு ஊசியாம்.” மிச்சத்தை நான்தான் துருவித் துருவிக் கேட்டு வாங்கினேன்.

முதல் ஊசி போட்ட நாலு நாள் அவன் பட்ட பாட்டைச் சொல்ல வாய் வரவில்லை. குடித்த தண்ணீரையும் கக்கினான். மீசை மயிர் ஒவ்வொன்றாக உதிர்ந்து தரையில் கிடந்தது, அதைப் பெருக்கித் தள்ள மனசில்லாமல் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போது, அடுத்த வீட்டுக் கோமு, பெரிய வாய்க்காரிதான், ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள், “என்னட்டி ஆவுட, மூஞ்சி வீங்கிக் கெடக்கு?” என்று கேட்டாள். அவ்வளவுதான், எனக்கு உடைத்துக்கொண்டு வந்தது.

“ஒரு வருசம்னு சொல்லுதா அந்த டாக்டரு. அதுல பாதி நாளு கக்கிக்கிட்டே கெடந்தாம்னா அவனுக்குன்னு என்ன மிஞ்சும்? நம்மூர்ல இந்தச் செவ்வாக்கெழமைய எந்த மூதி சீந்துதா? ஒரு நல்ல காரியம் பேசமாட்டோம், ஒரு வீட்டுக்குப் பால் காய்ச்சமாட்டோம், முடி வெட்டமாட்டோம், நகம் வெட்டமாட்டோம். சும்மாதான கெடக்கு? என் செவ்வாயெல்லாம் அவனுக்குப் போவட்டும். நல்லா தெம்பா ஒரு நாளாச்சும் இருக்கட்டும்.”

கோமு சிரித்தாள். “அட கோட்டி, என்னதையும் எடுத்துக்கிடச் சொல்லு. எனக்கு அன்னைக்கி வெளக்கு தேய்க்கத வுட்டா வேற சோலி கெடையாது.” அவளுக்குப் பின்னால் நின்றவளும் தந்தாள். வரிசையில் நின்ற பதினாலு குடமும் தந்தது. குழாயடியில் கேலியாகச் சொன்னது டீக்கடைக்குப் போயிற்று, அங்கே இருந்த ஆம்பளைகள் ஆளுக்கொரு செவ்வாயைத் தூக்கிக் கொடுத்தார்கள், ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்துக் கொடுத்தார், முருகன் கோயில் பூசாரி, செவ்வாய்க்கிழமை சாமிக்கு உகந்த நாளாயிற்றே என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, தன்னுடையதை மட்டும் தருவதாகவும் சாமியுடையதைச் சாமிதான் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். சாயந்திரத்துக்குள் வாகைப்பேரியில் செவ்வாயைக் கொடுக்காத ஆளே இல்லை. சலூனில் உட்கார்ந்து இத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாயிலிருந்து மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போலப் படுத்தோம். புதன்கிழமை எழும்பினோம்.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. பேப்பர்காரப் பையன் பாலத்தடியில் இரண்டு நாள் பேப்பரைப் போட்டுவிட்டுப் போயிருந்தான். ஆடு மாடு கோழி எல்லாம் எங்களோடு சேர்ந்தே தூங்கி எங்களோடு சேர்ந்தே எழும்பின, இட்லி மாவு மட்டும் தூங்காமல் பொங்கி வழிந்து புளித்துப்போயிருந்தது. சாமியும் கொடுத்துவிட்டார் என்று பூசாரி சொன்னார், ஏனென்றால் திங்கட்கிழமை ஏற்றிய விளக்கு குறையாமல் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. சவரத்துக்கு வந்தவர்களின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, எல்லோருக்கும் ஒரு நாள் தாடி குறைகிறது என்று கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். அவருக்கு மட்டும் செவ்வாய் இருந்திருக்கிறது. எழும்பி, ஊர் மொத்தமும் கதவைச் சாத்தித் தூங்குவதைப் பார்த்து, அவனை டிரேயில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார். “நீங்க மட்டும் ஏன் குடுக்கல?” என்று கேட்டேன். “யாராச்சும் கூட்டிட்டுப் போவணும்லா,” என்றார்.

பவுடரைப் பார்த்தேன். கண்ணில் மினுமினுப்பு. ஒரு தட்டுச் சோற்றைச் சத்தம் வர நக்கிச் சாப்பிட்டான். ஆயிரத்து இருநூறு பேருடைய செவ்வாய் அவன் ஒருத்தன் உடம்புக்குள் போயிருந்தது, ஒட்டத்தானே செய்யும்.

அதற்குப் பிறகு ஊர் அதற்குத் தகுந்தாற்போல் நடந்துகொண்டது. திங்கட்கிழமை மாவு அரைப்பதை நிறுத்தினார்கள். தினசரிக் காலண்டரில் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்தார்கள். மூன்று வாரம் காலிப் பஸ்ஸை ஓட்டிவந்து ஹாரன் அடித்துப் பார்த்த டிரைவர் நாலாவது வாரம் பாலத்தோடு திருப்பிக்கொண்டு போனார். ஹெட்மாஸ்டர் சனிக்கிழமை பள்ளிக்கூடம் வைத்தார். துர்க்கைக்கு ராகுகால எலுமிச்சை விளக்கு வெள்ளிக்கிழமைக்கு மாறியது, துர்க்கை ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சுகர் மாத்திரை அட்டையில் வாரம் ஒன்று மிச்சம் விழுந்தது. திங்கட்கிழமை சண்டைபோட்ட புருஷன் பெண்டாட்டி புதன்கிழமை எழும்பும்போது எதற்குச் சண்டை என்று யோசிக்க வேண்டியிருந்தது. பம்பாயிலிருந்து மகள், செவ்வாய்க்கிழமை போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறதே அம்மா என்றாள். அன்றைக்கு நாங்கள் இருக்கமாட்டோம் என்றேன், சரி என்றாள். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து கேட்டபோது, எங்க ஊர்ல ஒரு நாய்க்கு உடம்பு சரியில்லை, அதான், என்று சொல்லிவிட்டுத் தங்கள் சோலியைப் பார்த்தார்கள்.

அதோடு பவுடர் ஊருக்குப் பொதுவாகிவிட்டான். மீன் திருடினான் என்று ஒரு காலத்தில் விளக்குமாற்றால் விரட்டியவர்கள் எல்லாம், “ஏ டே, என் செவ்வா உனக்கு ஒட்டுதா?” என்று அவன் முதுகைத் தடவிப் பார்த்தார்கள். இளைத்திருந்தால் எங்களைத் திட்டினார்கள். மற்றபடி செவ்வாயைப் பற்றி அவர்கள் கேட்டதெல்லாம் தாங்கள் தூங்குகிற அழகைப் பற்றித்தான். “நான் வாயத் தொறந்துக்கிட்டா தூங்குதேன் அண்ணாச்சி?” என்று ஹெட்மாஸ்டர் சலூன் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாராம். “நான் யாரு வீட்டையும் எட்டிப் பாக்கதில்ல சார்,” என்று இவர் சொல்லிவிட்டார்.

எனக்கு வேண்டியது வேறு. நான் கொடுத்த நாளில் அவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும். முதல் புதன்கிழமை கேட்டதற்கு, “போனோம், வந்தோம்,” என்றார். இரண்டாம் புதன்கிழமையும் அதே பேச்சு. மூன்றாவது வாரம் நான் பீடித் தட்டைத் தூக்கி எறிந்தேன். “நான் ஒரு நாளத் தூக்கிக் குடுத்துட்டு மரக்கட்டையாக் கெடக்கேன், போனோம் வந்தோம்னு சொல்லுதீங்களே, நீங்க மனுசந்தானா? அவன் ஊசிக்கு அழுதானா? திரும்பி வந்து என்ன செஞ்சான்? ஓடுனானா, குலைச்சானா?”

அவர் கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஆத்துக்குப் போச்சு,” என்றார்.

“ஆத்துக்கா? தண்ணியக் கண்டா ஓடுவானே!”

“போச்சு. கொக்க வெரட்டுச்சு.”

அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசக் கற்றுக்கொண்டார். இருபத்தாறு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திப் பேசாததையெல்லாம் அந்த ஒரு வருஷத்தில் பேசினார். ஊசி போட்ட அரை மணி நேரத்தில் வாலை ஆட்டிக்கொண்டு வண்டியில் தானே ஏறிவிடுகிறான், பாலத்தில் ரயில் போனால் கூடவே கரையில் ஓடுகிறான், மணலைத் தோண்டி நண்டு எடுத்து அது மூக்கைக் கவ்வியதும் இவரைப் பார்த்துச் சத்தம் போடுகிறான், நடு ஆற்றில் இருக்கிற யானைப் பாறை வரைக்கும் நீந்திப்போய் மேலே ஏறி நின்று ஊரையே பார்க்கிறான். நான் அதை வாங்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடுவேன். அங்கே குடத்தை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நேத்து என்னட்டி செஞ்சான், என்று கேட்பார்கள். சொல்வேன். போன வாரமே பாறையைத் தொட்டுட்டானே, இந்த வாரம் தாண்டலையா, என்று கணக்காகக் கேட்பார்கள். அவர்களுடைய செவ்வாயல்லவா, கேட்க உரிமை இருக்கிறது. ஒரு தடவை மட்டும் நான் இவரிடம், “ஆத்துக்குப் போனா கால்ல மணலு ஒட்டாதா? பாயில ஒரு பொடி மணலக் காணோமே,” என்றேன். “கழுவிட்டுத்தான் உள்ள விடுதேன்,” என்றார். அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை, எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. புதன் முதல் திங்கள் வரை என்னிடம் இருக்கிறவன் ஊசியின் களைப்பில் கிடக்கிறவன். ஓடுகிறவன், நீந்துகிறவன், குலைக்கிறவன் எல்லாம் செவ்வாய்க்குள் இருந்தான். கொடுத்தது நான், பார்ப்பது அவர். பீடி சுற்றும்போது இலையை வெட்டிய கை அப்படியே நிற்கும், யானைப் பாறையில் நனைந்த உடம்போடு அவன் நிற்பது கண்ணுக்குள் தெரியும், அந்த ஈர மயிரைத் துடைக்க என் கையில் ஒரு துண்டு இல்லையே என்றிருக்கும். ஒரு ஆளை அடுத்த அறையில் வைத்துக்கொண்டு அவனுக்காக ஏங்குவது எப்படி என்று அந்த வருஷம் நான் தெரிந்துகொண்டேன்.

தை மாசத்தில் கோமு வந்தாள். அவள் மகன் பட்டாளத்திலிருந்து வருகிறான், செவ்வாய்க்கிழமை வந்து அன்றைக்கே கிளம்ப வேண்டும், வேறு நாள் கிடைக்கவில்லை. “குடுத்தத திருப்பிக் கேக்காளேன்னு நெனைக்காத ஆவுட. அந்த ஒண்ண மட்டும்,” என்று நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடுத்துக்கோ என்றேன், வேறென்ன சொல்வது. அந்த வாரம் பவுடர் இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை. யாரும் கோமுவை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு ஊரில் யாரும் தங்கள் செவ்வாயைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

மகனை அனுப்பிவிட்டு வந்த கோமு அந்தப் புதன்கிழமை குழாயடியில் என் பக்கத்தில் வந்து நின்றாள். எப்போதும் முதல் ஆளாகக் கேட்கிறவள் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் பிடித்துத் திரும்பும்போது, “நீயும் ஒரு நாளு முழிச்சிரு ஆவுட. ஒரே ஒரு நாளு,” என்றாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. “உன் ஒரு நாளுக்கே அவன் ரெண்டு நாளு பட்டினி. நான் எடுத்தா? கொன்னு போடச் சொல்லுதியா?” என்று கத்திவிட்டேன். அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். பேசாத கோமுவை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று. சித்திரை வெயிலில் மற்ற ஊர்க்காரர்கள் ஏழு நாள் வெந்தபோது நாங்கள் ஆறு நாள் வெந்தோம். ஆனியில் அவன் நாடிக்குக் கீழே மறுபடியும் இரண்டு பக்கமும் தட்டுப்பட்டது. இந்தத் தடவை நானே தொட்டுக் கண்டுபிடித்தேன். ஆடி பிறந்த முதல் புதன்கிழமை இவர் ஆற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “மருந்து இனிமே பிடிக்காதாம். வேணும்னா வாங்க, இல்லேன்னா வீட்டுலயே வச்சுக்கிடுங்கன்னு சொல்லிட்டா. அடுத்த செவ்வா தாண்டாதுன்னு அவ நெனைக்கா,” என்று சொல்லிவிட்டு, எதையோ எடுக்கப் போகிறவர் மாதிரிக் கொல்லைப்புறம் போனார்.

அந்த ஐந்து நாளும் நான் என்னோடு சண்டை போட்டேன். என் செவ்வாயை நான் எடுத்துக்கொண்டால் அவனுக்கு அது குறையும். குறைந்தால், தாண்டுகிறதாக இருந்தவன் தாண்டாமல் போகலாம். எடுக்காவிட்டால், அவன் போகும்போது நான் ஒரு கஜத் தூரத்தில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருப்பேன், புதன்கிழமை எழும்பி, என்ன ஆச்சு என்று இவரிடம் கேட்பேன், இவர் “போயிட்டு” என்பார். எது அன்பு எது சுயநலம் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயந்திரம் குழாயடிக்குப் போனேன். குடம் எடுத்துப் போகவில்லை. கொடுத்த இடத்தில்தானே கேட்க வேண்டும். எல்லோரும் பார்க்க, “நாளைக்கு எனக்கு என் நாளு வேணும்,” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. கோமுதான் முதலில் பேசினாள். “எடுத்துக்க. அவனுக்கு எங்க நாளு இருக்கு.” பின்னால் நின்றவள், “என்னது இருக்கு,” என்றாள். வரிசை முழுக்க, ஒரு வருஷத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டே கொடுத்த அதே வரிசை, ஒருத்தரும் சிரிக்காமல் இன்னொரு தடவை கொடுத்தது.

செவ்வாய்க்கிழமை கண் விழித்தேன்.

அந்த மாதிரி நிசப்தத்தை நான் கேட்டதில்லை. ஒரு சேவல் இல்லை, ஒரு குடம் உருளவில்லை. ஜன்னல் வழியே வந்த வெயில், யாருமே தொடாத வெயில், சுவரில் சதுரமாக விழுந்திருந்தது. பவுடர் என் பாய் ஓரத்தில் கிடந்தான். முந்தின ராத்திரி அவனைக் கதவுப் பக்கம் சாக்கில்தான் படுக்க வைத்திருந்தேன். நாடியைப் பாய் விளிம்பில் வைத்து, மூக்கு என் கையைத் தொடுகிற மாதிரி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்ணைத் திறந்ததும் அவன் இரண்டு காதும் எழும்பியது, மடங்கியதும்கூட. எழுந்து நிற்கத் தெம்பில்லை, ஆனால் வால் தரையில் அடிக்க ஆரம்பித்தது, டப், டப், டப் என்று நிறுத்தவே இல்லை. என்னைப் பத்து வருஷம் கழித்துப் பார்த்த மாதிரி முனகினான். என் முகத்தை, கண்ணை, வாயை நக்கினான்.

“நீ எப்பம்ல இங்கன வந்து படுத்த?” என்று கேட்டேன்.

டீ கிளாசோடு இவர் அடுக்களை வாசலில் நின்றார். திருடும்போது பிடிபட்டவர் மாதிரி இருந்தது அவர் நிற்பது.

“எப்பவும் இங்கனதான்,” என்றார்.

“எப்பவும்னா?”

“எல்லாச் செவ்வாயும்.” கிளாசைக் கீழே வைத்தார். “காலையில எந்திச்சதும் உன்ட்ட வந்து படுத்துக்கிடும். ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுத்தான் போவணும். ஊசி போட்டுட்டுத் திரும்புனா பாலத்துலயே கத்த ஆரம்பிச்சிரும், வண்டி நிக்கதுக்குள்ள குதிச்சு நேரா இங்கன. முன்னங்காலால உன்னத் தட்டும். நீ எந்திக்கமாட்ட. மறுபடி படுத்துக்கிட்டு உன் மூஞ்சியவே பாக்கும். பொழுது சாயுத வரைக்கும் அப்படியேதான் கெடக்கும்.”

“ஆத்துக்கு?”

“ரெண்டு மட்டம் கூட்டிட்டுப் போனேன் ஏளா. தெருமுக்கு வரைக்கும் வரும். அங்கன உக்காந்துக்கிட்டு வீட்டப் பாக்கும்.”

“கொக்கு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நண்டு? யானப் பாற?”

“நீ கேட்டுக்கிட்டே இருந்த. நான் என்ன சொல்லுவேன்?”

எழும்பி அவர் சட்டையைப் பிடித்தேன். “எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா! ஒரு வார்த்த! நான் முழிச்சிருப்பேன்லா!”

“முழிச்சிருவ, அதான் சொல்லல,” என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. “நீ முழிச்சா அதுக்கு நாளு கொறயும்னு நீதான சொன்ன. கோமு வந்து பாத்துட்டு, சொல்லிரும் அண்ணாச்சின்னு அழுதா. நான்தான் வேண்டாம்னு கையப் பிடிச்சுக்கிட்டேன். அது இருக்கட்டும், எப்படியாச்சும் இருக்கட்டும்னு நெனைச்சேன் ஏளா. நீ எந்திக்காட்டாலும் அது உன்னப் பாத்துக்கிட்டாவது இருக்கும்லா.”

ஐம்பது செவ்வாய். ஒரு ஊர் தன் நாளையெல்லாம் அள்ளிக் கொடுத்து, அவன் உடம்பில் தெம்பும் கண்ணில் ஒளியும் வந்து சேர்ந்த ஐம்பது நாளையும் அவன் என் பாய் ஓரத்தில் நான் எழும்புவேன் என்று பார்த்தே கழித்திருக்கிறான். அவனுக்கு ஆறு வேண்டியிருக்கவில்லை. நான் எதை வேண்டாத நாள் என்று குழாயடியில் எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் கொடுத்தேனோ, அந்த நாளில் மூன்று பேரும் தரையில் கிடந்தோமே, அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அந்த நினைப்பு வந்ததும் நான் தலையில் அடித்துக்கொண்டேன். பவுடருக்கு அது பிடிக்கவில்லை, முனகினான், கையை இறக்கிவிட்டு அவன் பக்கத்தில் போய்ப் படுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. “ஆத்துக்கு வேணா ஒரு மட்டம் தூக்கிட்டுப் போவமா?” என்று இவர் கேட்டார். “அவனுக்கு அங்கன என்ன இருக்கு,” என்றேன். இவர் வெந்நீரில் துண்டை நனைத்து அவன் உடம்பைத் துடைத்துவிட்டார், பீடித் தட்டை எடுத்து மூலையில் கவிழ்த்தார், ஃபேனைப் போட்டார், வந்து அந்தப் பக்கம் படுத்துக்கொண்டார். நான் இந்தப் பக்கம். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு அவனையே பார்த்தேன், இமைக்கவும் பயமாக இருந்தது. அவன் என் விரல்களை நக்கினான், எத்தனை கழுவினாலும் போகாத புகையிலை வாசனை அதில் இருக்கும், அது அவனுக்குப் பிடிக்கும். ஐம்பது வாரத்துக் கதையையும் அவன் காதில் சொன்னேன். குழாயடியில் யார் யார் கேட்டார்கள், யார் தன் செவ்வாயை இரண்டு தடவை கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு பேராகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், வால் மட்டும் இடையிடையே ஒரு தடவை தரையில் தட்டியது.

மத்தியானம் தாண்டி வெயில் சுவரைவிட்டு இறங்கித் தரைக்கு வந்தபோது அவன் கண் சொருகியது. நாடியை என் உள்ளங்கையில் வைத்தான். ஒரு பெருமூச்சு விட்டான், வேலையெல்லாம் முடித்த ஆள் விடுகிற மாதிரி.

“தூங்குதான்,” என்று இவர் ரகசியமாகச் சொன்னார். “செவ்வாக்கெழம இவன் தூங்கி நான் பாத்ததே இல்ல.”

நான் கையை அசைக்கவில்லை. மூச்சு வந்தது, வெகுநேரம் கழித்து இன்னொன்று வந்தது, இன்னும் வெகுநேரம் ஆயிற்று. ஊர் முழுக்க சத்தமில்லாமல் எங்களோடு படுத்திருந்தது. தரையில் கிடந்த வெயில் நகர்ந்து நகர்ந்து நிலைப்படியைத் தாண்டி வெளியே போனது. இவர் மெல்லக் கையை நீட்டி அவன் நாடிக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

“ஏளா,” என்றார். “எந்தி. பொழுது சாஞ்சிட்டு.”

“பேசாம இருங்க,” என்றேன். “இப்பந்தான தூங்குதான். அவன் எந்திக்கட்டும்.”

அவன் கண் விழிக்கும்போது என் முகம் தெரிய வேண்டுமே என்று நான் அங்கேயே படுத்திருந்தேன்.